சுருதிக்கு மார்க் போடும் சூரர்கள்

அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளில் இசை வகுப்புக்கும் தரப்படுத்தப்பட்ட தேர்வு வேண்டும், அதுவும் நாடு முழுக்க ஒரே வினாத்தாள், ஒரே விடைத்தாள், ஒரே மதிப்பெண் அட்டவணை என்று இருக்க வேண்டும் என வாதாடும் கட்டுரை ஒன்று சென்ற இதழில் வந்திருக்கிறது. எழுதியவர் கல்வித்துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர் என்கிறது அறிமுகக் குறிப்பு. கட்டுரையைப் படித்து முடித்தால், பழம் யாருக்குப் போயிற்றோ தெரியவில்லை, நமக்கு மிஞ்சியது கொட்டைதான்.

ஆனாலும் வசை பாடிவிட்டு எழுந்து போவது மறுப்பாகாது. ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ எழுதிய சிவஞான முனிவர் காலத்திலிருந்தே தமிழில் மறுப்புக்கு ஒரு முறை உண்டு. எதிராளியின் கூற்றைக் குறைக்காமல் எடுத்து நிறுத்திவிட்டுத்தான் அதன் மேல் கை வைக்க வேண்டும். கட்டுரை எழுதிய அன்னாரின் கூற்றுகள் ஐந்து. ஒன்று, சோதிக்கப்படாத பாடம் மதிக்கப்படாது. இரண்டு, இசைத்திறனை அளக்க அறிவியல் எப்போதோ வழி கண்டுவிட்டது. மூன்று, இசை ஆசிரியரும் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். நான்கு, ஏழைக் குழந்தைக்கு நியாயம் கிடைக்கத் தேர்வே வழி. ஐந்து, நம் மரபிலேயே இசைக்கும் கூத்துக்கும் தேர்வு இருந்தது. ஐந்தும் ஐந்து கருங்கல் தூண்கள் என்பது அவர் நினைப்பு. தட்டிப் பார்ப்போம்.

முதல் கூற்றுக்கு அவர் காட்டும் சாட்சி, ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற பெயரில் 2002 ஜனவரியில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டம். அந்தச் சட்டம் கலைகளையும் அடிப்படைப் பாடங்களின் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. ஆனால் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வு வைக்கச் சொன்னது வாசிப்புக்கும் கணக்குக்கும்தான். வாஷிங்டனில் உள்ள கல்விக் கொள்கை மையம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, தொடக்கப்பள்ளிகளில் மொழிக்கோ கணக்குக்கோ நேரத்தைக் கூட்டிய கல்வி மாவட்டங்கள் 62 சதவீதம். வேறு ஏதாவதொன்றின் நேரத்தை வெட்டியவை 44 சதவீதம். வெட்டுப்பட்டவற்றில் இசையும் உண்டு, மதிய உணவும் விளையாட்டு இடைவேளையும் உண்டு. இதுவரை அன்னார் சொல்வதில் பிழையில்லை. இதிலிருந்து அவர் பெறும் முடிவைப் பாருங்கள்: ஆகவே இசைக்கும் தேர்வு வையுங்கள்! இசையை வகுப்பறையிலிருந்து பிடித்துத் தள்ளியது எது ஐயா? தேர்வு. அதை மீட்டுக்கொண்டு வரப்போவது எது? இன்னொரு தேர்வு. வழிப்பறி செய்தவனிடமே வழித்துணைக்கு ஆள் கேட்கும் இந்தப் புத்திக்கு அவர் ‘நடைமுறை ஞானம்’ என்று பெயர் வைத்திருக்கிறார். இதே தர்க்கப்படி மதிய உணவுக்கும் ஒரு தேர்வு வைத்திருந்தால், பாவம், பிள்ளைகள் நிதானமாகச் சாப்பிட்டிருப்பார்கள்.

சரி, சோதித்தால் மதிப்பு வரும் என்பதாவது உண்மையா? அறிவியலைக் கேளுங்கள். அதே சட்டத்தின் கீழ் 2007-08 கல்வியாண்டிலிருந்து அறிவியலுக்கும் தேர்வு கட்டாயமாயிற்று. தொடக்கநிலையில் ஒரு முறை, அதற்கு மேல் இரண்டு கட்டங்களில் ஒவ்வொரு முறை. பத்தாண்டு கழித்து, 2018-இல் தேசிய அளவில் நடந்த ஆசிரியர் கணக்கெடுப்பு என்ன சொன்னது? மழலை வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு வாசிப்புக்குச் சராசரி 89 நிமிடம், கணக்குக்கு 57, அறிவியலுக்கு 18. சோதிக்கப்பட்டும் அறிவியல் ஒண்டுக்குடித்தனத்தில்தான் இருக்கிறது. காரணம் வெளிப்படை. வாசிப்பும் கணக்கும் குறைந்தால் பள்ளிக்குத் தண்டனை காத்திருந்தது; அறிவியல் மதிப்பெண்ணை அந்தத் தண்டனைக் கணக்கில் சேர்க்கச் சட்டம் வற்புறுத்தவில்லை. ஆக, நேரத்தை வாங்கித் தந்தது சோதனை என்பதைவிடச் சோதனைக்குப் பின்னால் நின்ற பிரம்பு என்பதே பொருத்தம். அன்னார் கேட்பது தேர்வையா, பிரம்பையா? தேர்வை மட்டும் என்றால் அது பலிக்காது. பிரம்பையும் சேர்த்து என்றால் அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் வேண்டும். பாட்டு வாத்தியாரை அடித்தால்தான் பாட்டுக்கு மரியாதை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த வைத்தியம் புதிதுமல்ல. 1862-இல் ராபர்ட் லோ இங்கிலாந்தில் கொண்டுவந்த திருத்திய விதிமுறை, பள்ளி மானியத்தைத் தேர்வு முடிவோடு முடிச்சுப் போட்டது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் தேறும் பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. காசு கொண்டுவராத பாட்டு பள்ளிகளில் தேய்ந்தது. தேய்ந்ததைக் கண்டு பதறியவர்கள் 1872-இல், பாட்டுச் சொல்லித்தராத பள்ளிக்குத் தலைக்கு ஒரு ஷில்லிங் பிடித்தம் என்றார்கள். 1882-இல் இன்னும் நுணுக்கமாக விலைப்பட்டியலே போட்டார்கள்: காதால் கேட்டதைப் பாடினால் ஆறு பென்ஸ், ஸ்வரக்குறி பார்த்துப் பாடினால் ஒரு ஷில்லிங். குறி பார்த்துப் பாடும் பள்ளிகள் பெருகின. மறுக்கவில்லை, ஷில்லிங்குக்குப் பெருகாதது எது? ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளி ஆய்வாளராகச் சுற்றிய மேத்யூ ஆர்னல்ட், இந்த முறை கல்வியை இயந்திர வேலையாக்கிவிட்டது என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதிக்கொண்டேயிருந்தார். 1890-களில் அரசே அதைக் கைகழுவியது. அதற்குள் அது கப்பலேறிச் சென்னை மாகாணத்துக்கும் வந்து, நம் திண்ணைப் பள்ளி வாத்தியார்களையும் இன்ஸ்பெக்டர் வரும் நாளை எண்ணிப் பிழைக்கப் பழக்கியிருந்தது. நூறாண்டுக்கு முன்பே குழி தோண்டிப் புதைத்ததைக் கிளறியெடுத்து, ‘இருபத்தோராம் நூற்றாண்டுச் சீர்திருத்தம்’ என்று சட்டை மாட்டிவிடுகிறார் நம் கட்டுரையாளர். வரலாறு தெரியாமல் எழுதினாரா, தெரிந்தும் வாசகருக்குத் தெரியாது என்று நம்பி எழுதினாரா? முன்னது அறியாமை, பின்னது அவமரியாதை. எது என்று அவரே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். பலவிடை வினாக்கள் அவருக்குப் பிடித்தமானவைதானே.

இரண்டாம் கூற்றில் அன்னார் பெயர்களை உதிர்க்கிறார்: கார்ல் சீஷோர், எட்வின் கார்டன். கேட்டதும் வாசகர் மிரண்டு உட்கார்ந்துவிடுவார் என்பது எதிர்பார்ப்பு. ஐயோவா பல்கலைக்கழக உளவியலாளர் சீஷோர் 1919-இல் இசைத்தட்டுகளில் பதிந்து வெளியிட்ட சோதனை இப்படிப் போகும்: இரண்டு ஒலிகள் கேட்கும், இரண்டாவது மேலா, கீழா? எது உரத்தது, எது நீண்டது, எந்த இரண்டு இயைந்து ஒலிக்கின்றன? தனித்தனிப் புலன்நுட்பங்களை அளந்து அடுக்கினால் இசைத்திறனின் படம் கிடைத்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். கொலம்பியாவின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் மர்சல் 1930-களிலேயே இதை எதிர்த்து நின்றார். ஒலியைப் பிரித்தறிவதும் இசையைப் புரிந்துகொள்வதும் வெவ்வேறு என்பது அவர் வாதம். 1939-இல் சோதனையைத் திருத்தியபோது ஒலியியைபைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் நாதத்தின் நிறபேதத்தை வைத்தார்கள். அதாவது அறிவியல் ‘எப்போதோ முடிவுகட்டிவிட்ட’ விஷயத்தில், எதை அளக்கிறோம் என்பதையே பாதிவழியில் மாற்றிக்கொண்டார்கள். அன்னாரின் கட்டுரையில் இது பற்றி மூச்சில்லை.

மூச்சுவிடாத இன்னொன்றும் உண்டு. சீஷோரின் கணக்கில் இசைத்திறன் பெருமளவு பிறவியில் வாய்ப்பது. இனமேம்பாட்டுக் கொள்கைக்காரர்களோடு அவருக்கு இருந்த நெருக்கம் இன்று பதிவான வரலாறு. நான் இதைச் சொல்வது சீஷோரைச் சந்தியில் நிறுத்த அல்ல. அன்னாரின் வீட்டுக்குள் நடக்கும் குடும்பச் சண்டையைக் காட்டத்தான். திறமை பிறவியிலேயே முடிவாகிவிட்டதென்றால், பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு ஆசிரியர் எப்படிப் பொறுப்பாவார்? இரண்டாம் கூற்றுக்குப் பிரமாணமாக அழைத்துவந்தவரே மூன்றாம் கூற்றின் காலை வாரிவிடுகிறார். ஒரே கட்டுரைக்குள் இப்படிப் பூர்வபட்சமும் தானே, சித்தாந்தமும் தானே என்று நிற்பவரை மறுக்க நான் எதற்கு?

கார்டனுக்கு இழைத்த அநியாயம் இன்னும் பெரிது. 1979-இல் அவர் வெளியிட்ட சோதனை மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு சிறு இசைத்தொடர்கள் கேட்கும். இரண்டும் ஒன்றானால், சிரிக்கும் முகங்கள் இரண்டு உள்ள படத்தை வட்டமிட வேண்டும். வேறானால், ஒன்று சிரிக்க ஒன்று முகம் சுளிக்கும் படத்தை. அழகான யோசனை, சந்தேகமில்லை. ஆனால் கார்டன் இதை எதற்காகச் செய்தார்? ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த அளவில் கற்பிக்க வேண்டும் என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கு. ஒன்பது வயது வரை இந்தத் திறன் சூழலுக்கேற்ப ஏறும், இறங்கும் என்பது அவர் கோட்பாட்டின் அடித்தளம். பிள்ளையைத் தரம் பிரிக்கவோ ஆசிரியரின் தலையெழுத்தை எழுதவோ அவர் அதைச் செய்யவில்லை. மருத்துவர் நாடி பார்த்ததைக் காட்டி, நாடித்துடிப்புக்கு ரேங்க் போடலாம் என்று வாதிடுபவரை என்ன சொல்வது?

போகட்டும், ‘ஒன்றா வேறா’ என்ற கேள்வியேகூட அத்தனை அப்பாவியானதா? ஒரு ஸ்வரம் என்றால் அசையாத ஒரு புள்ளி என்று சீஷோரின் இசைத்தட்டு எடுத்துக்கொள்கிறது. தோடியின் காந்தாரத்தை அந்தப் புள்ளியில் ஆணியடித்து நிறுத்திப் பாருங்கள், தோடி எங்கே போகிறதென்று தெரியும். அது அசைவில் வாழ்கிற ஸ்வரம். அமெரிக்க வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே இசைக்குப் பிறந்தவர்களும் அல்லர். சனி ஞாயிறில் பாட்டு வகுப்புக்குப் போகும் நம் வீட்டுப் பெண்ணும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் காஸ்பல் பாடும் கறுப்பினச் சிறுவனும், மரியாச்சி வாசிக்கும் தாத்தாவோடு வளரும் மெக்சிகோ வம்சத்துப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒரே வினாத்தாள் என்றால் இவர்களில் யாருடைய காது ‘தரம்’, யாருடைய காது ‘பிழை’? அன்னாரின் கட்டுரையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அவருடைய அட்டவணையில் அதற்குக் கட்டமில்லை.

இனி, உண்மையான வினாத்தாள் ஒன்றை அருகில் போய்ப் பார்ப்போம். அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீடு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 1997-லும் 2008-லும் 2016-லும் இசையில் நடந்தது. 1997-இல் பிள்ளைகளைப் பாடவும் வாசிக்கவும் சொன்னார்கள். 2008-லும் 2016-லும் அந்தப் பகுதியே கிடையாது. கேட்டு விடையெழுதுவது மட்டும். அரசாங்கமே நடத்தும் மதிப்பீடே இசையைப் பாடாமல் அளப்பதில் வந்து நிற்கிறதென்றால், மாவட்டம்தோறும் நடத்தப்போகும் மலிவு விலைத் தேர்வுகளின் கதி என்ன? 2008 தேர்வில் ஒரு கேள்வி: கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் ப்ளூ’ தொடங்கும்போது தனித்து ஒலிக்கும் வாத்தியம் எது? விடை கிளாரினெட். சொன்னால் மதிப்பெண். அந்தக் கிளாரினெட் என்ன செய்கிறது? கீழ் ஸ்தாயியிலிருந்து ஒரே வழுக்கலாக, கேலியும் ஏக்கமும் கலந்த குரலில் ஊளையிட்டுக்கொண்டு மேலே ஏறுகிறது. உலகம் முழுவதும் அந்தப் படைப்பை அடையாளம் காண்பதே அந்த வழுக்கலால்தான். கெர்ஷ்வின் எழுதிய தாளில் அது இல்லை. அவர் எழுதியது 17 ஸ்வரங்கள் படிப்படியாக ஏறும் ஒழுங்கான வரிசை. 1924 பிப்ரவரியில் நியூயார்க்கில் அரங்கேறுவதற்கு முன் ஒத்திகையில், பால் வைட்மன் குழுவின் கிளாரினெட்காரர் ராஸ் கார்மன் குறும்புக்காக அந்த ஏணியை இழைத்து ஒரே சறுக்கலாக்கினார். கெர்ஷ்வின் கேட்டார், ரசித்தார், அதையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்னாரின் தேர்வில் கார்மனுக்கு என்ன மார்க் கிடைத்திருக்கும்? தாளில் இருப்பதை வாசிக்கவில்லை: பூஜ்யம். வாத்தியத்தின் பெயர் தெரிந்தவனுக்கு முழு மதிப்பெண், வாத்தியத்தைப் பேசவைத்தவனுக்குச் சிவப்பு மை. இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தேர்வே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. வாத்தியத்தின் பெயர் தெரிவதும் நல்லதே. பெயர் தெரிவதுதான் இசை தெரிவதன் அளவு என்கிறாரே, அந்தத் துணிச்சலைத்தான் சொல்கிறேன்.

மூன்றாம் கூற்றில்தான் கட்டுரைக்குக் கொஞ்சம் கனம் இருக்கிறது. 2009-இல் ஒபாமா அரசு 435 கோடி டாலர் போட்டியொன்றை அறிவித்தது. ஆசிரியர் மதிப்பீட்டை மாணவர் வளர்ச்சியோடு பிணைக்கும் மாநிலங்களுக்கு அதில் முன்னுரிமை. ஃப்ளோரிடா 2011-இல் சட்டமே இயற்றியது: ஆசிரியர் மதிப்பீட்டில் பாதி மாணவர் மதிப்பெண்ணிலிருந்து வர வேண்டும். தேர்வில்லாத பாடத்தின் ஆசிரியரை எப்படி அளப்பது? பள்ளியின் வாசிப்பு மதிப்பெண்ணை எடுத்து அவர் தலையில் கட்டினார்கள். தாங்கள் கற்பிக்காத பாடத்துக்காக, சில இடங்களில் தாங்கள் முகமே பார்க்காத பிள்ளைகளுக்காக, ஆசிரியர்கள் மதிப்பிடப்பட்டார்கள். வழக்கு நடந்தது. 2014-இல் நீதிபதி இந்த முறை நியாயமற்றதாக இருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டு, நியாயமற்றது என்பதாலேயே அரசியலமைப்புக்கு விரோதமாகிவிடாது என்று கைவிரித்தார். 2015-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ‘ஆகவேதான் இசைக்கென்று தேர்வு இருந்தால் இசை ஆசிரியர் இந்த அநியாயத்திலிருந்து தப்புவார்’ என்கிறார் அன்னார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறர் பாடத்து மதிப்பெண்ணால் ஆசிரியரை அடிப்பது தவறென்றால் அந்த அடியை நிறுத்தச் சொல்ல வேண்டும். சொந்தப் பாடத்துக் கம்பால் அடியுங்கள் என்று கேட்பது என்ன நியாயம்? அமெரிக்கப் புள்ளியியல் கழகம் 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், மாணவர் மதிப்பெண்ணின் ஏற்ற இறக்கத்தில் ஆசிரியரின் பங்கு 1 முதல் 14 சதவீதம் வரை என்பதே பெரும்பாலான ஆய்வுகளின் முடிவு என்று சொன்னது. அந்த ஆய்வுகள் மிகுதியும் கணக்கும் வாசிப்பும் பற்றியவை, ஆசிரியர் தினமும் பிள்ளைகளைப் பார்க்கும் பாடங்கள். இசை ஆசிரியர் எத்தனை நேரம் பார்க்கிறார்? ஆண்டுக்கு 180 பள்ளி நாள், அதாவது 36 வாரம். வாரம் ஒரு 40 நிமிட வகுப்பு என்றால் ஆண்டு முழுவதற்கும் 24 மணி நேரம். ஒரு முழு நாள், அவ்வளவுதான். அந்த ஒரு நாளில் ஊட்டியதை அளக்க, ஒவ்வொரு பிள்ளையையும் தனியே இரண்டு நிமிடம் பாடவைத்துக் கேட்டால் 25 பேர் கொண்ட வகுப்புக்கு 50 நிமிடம். ஒரு வகுப்பு நேரத்தையும் தாண்டுகிறது. பள்ளி முழுக்க 500 பிள்ளைகள் என்றால் ஏறத்தாழ 17 மணி நேரம். இது நடக்காது என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். நடக்கக்கூடியது எது? கணினி திருத்தும் வட்டம் நிரப்பும் தாள். தேர்வு அந்தத் தாளாகச் சுருங்கும். தேர்வுக்கேற்ப வகுப்பும் சுருங்கும். ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்கத் தொடங்கினால் அந்த எண்ணும் கெடும், அது கண்காணிக்க வந்த காரியமும் கெடும் என்று உளவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1976-லேயே சொல்லிவைத்தார். அன்னாரின் நூலகத்தில் அந்தப் பக்கம் மட்டும் கிழிந்திருக்கும் போலும்.

‘டென்னசியைப் பாருங்கள்’ என்கிறார். பார்ப்போம். வாசிப்பு மதிப்பெண்ணால் தங்களை அளப்பதை ஏற்காத மெம்ஃபிஸ் பகுதிக் கலை ஆசிரியர்கள் ஒரு மாற்று முறையை உருவாக்கினார்கள். பிள்ளைகள் பாடியதும் வாசித்ததும் படைத்ததும், ஆண்டின் தொடக்கத்திலும் பின்னரும் எப்படி இருந்தன என்பதைப் பதிவுகளாக ஆசிரியரே தேர்ந்து அனுப்புவார். யாருடையது என்று தெரியாமல், அதே பாடத்தைக் கற்பிக்கும் இன்னோர் ஆசிரியர் மதிப்பிடுவார். மாநிலமும் ஏற்றது. வேலைப்பளு கூடும் என்பது உட்பட இதில் குறைகள் உண்டு. ஆனால் இதில் ஒரே வினாத்தாள் எங்கே? ஒரே விடைத்தாள் எங்கே? தரப்படுத்தப்பட்ட தேர்வை மறுத்து எழுந்த முறையைத் தரப்படுத்தப்பட்ட தேர்வின் வெற்றிக்கொடியாக நட்டுவைக்கிறாரே, படித்துவிட்டுத்தான் எழுதினாரா?

மதிப்பீடு வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. நல்ல இசை ஆசிரியர் வகுப்பு முழுக்க மதிப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார். மூன்றாம் நான்காம் வகுப்பில் பிளாஸ்டிக் ரெக்கார்டர் குழல் கொடுப்பார்கள். முதலில் இடது கையால் மட்டும் மூடக்கூடிய மூன்று ஸ்வரங்கள். இருபத்தைந்து குழலும் ஒன்றாக ஒலிக்க, மூன்றாம் வரிசையில் ஒன்று கிறீச்சிடும். ஆசிரியர் திரும்பிப் பார்ப்பதற்குள்ளேயே அவருக்குத் தெரியும், பின்பக்கத் துளையைக் கட்டைவிரல் சரியாக மூடவில்லை, அல்லது பயல் மூச்சை முட்டி ஊதுகிறான். போய் விரலை அரை நூல் நகர்த்திவைப்பார். அடுத்த முறை ஒலி தெளியும். சோதனை, கண்டறிதல், திருத்தம், மறுசோதனை நான்கும் முடிய அரை நிமிடம் ஆகவில்லை. அன்னாரின் தேர்வு முடிவு இந்தப் பயலுக்கு எப்போது வரும்? பள்ளி மூடிக் கோடை விடுமுறை விட்ட பிறகு, ஓர் எண்ணாக. அந்த எண்ணில் கட்டைவிரல் இருக்குமா?

நான்காம் கூற்று கண்ணீரில் நனைந்தது. ஆகவே அதை வழுக்காமல் பிடிக்க வேண்டும். தேர்வு வைத்தால்தான் ஏழைப் பிள்ளைக்கு இசை கிடைக்காதது வெளிச்சத்துக்கு வரும் என்கிறார். வந்தாயிற்றே! மேலே சொன்ன தேசிய மதிப்பீட்டில், 300-க்கு 2008-இல் சராசரி 150, 2016-இல் 147. இலவச மதிய உணவுக்குத் தகுதியான ஏழைப் பிள்ளைகள் இரு முறையும் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பின்தங்கியிருந்தார்கள். இதை அறிய நாட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளையையும் உட்காரவைக்கத் தேவைப்படவில்லை. மாதிரிக்குச் சில ஆயிரம் பேர் போதுமாயிருந்தார்கள். இரண்டு முறை வெளிச்சம் போட்டுப் பார்த்த பிறகும் நிலைமை மாறவில்லையென்றால், குறை வெளிச்சத்திலா? இன்னும் ஒன்று. இசைக்குறி வாசிக்கவும் வாத்தியப் பெயர் சொல்லவும் யார் முந்துவார்கள்? வீட்டில் பியானோவும் தனி ஆசிரியரும் உள்ள பிள்ளை. அப்படியானால் இந்தத் தேர்வு அளப்பது பள்ளி கற்பித்ததையா, அப்பாவின் சம்பளத்தையா? அந்தச் சம்பளத்துக்குப் பரிசும் அது இல்லாத பள்ளிக்கு அவமானமும் வழங்கிவிட்டு, அதற்கு ‘சமூக நீதி’ என்று பெயர் சூட்டுவதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஐந்தாம் கூற்றில் அன்னார் தமிழரிடம் வந்து சேர்கிறார். சென்னைப் பிள்ளைகள் லண்டன் கிரேடு தேர்வு எழுதுவதில்லையா, மாதவி அரங்கேறவில்லையா என்று கேட்கிறார். லண்டன் வாரியங்களின் கிரேடு தேர்வை விரும்பியவர், விரும்பிய நேரத்தில், தனக்கேற்ற நிலையில், தானே தேர்ந்த உருப்படிகளைத் தயார்செய்துகொண்டு எழுதுகிறார். அவர் வாசிப்பதை ஒரு மனிதக் காது உட்கார்ந்து கேட்கிறது. பிள்ளை தோற்றால் குரு வேலை இழப்பதில்லை. இதற்கும் ஏழு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வரிசையில் உட்காரவைத்து வட்டம் நிரப்பச் சொல்வதற்கும் பெயரைத் தவிர என்ன ஒற்றுமை?

சிலப்பதிகாரத்தை அவர் தொட்டிருக்கவே வேண்டாம். அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் தொடங்கி, ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழன் அவையில் ஆடுகிறாள். தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெறுகிறாள். உண்மை. ஆனால் அவள் ஆடுவதற்கு முன் இளங்கோ என்ன சொல்கிறார் என்று நம் கட்டுரையாளர் பார்த்தாரா? ஆடலாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இசையாசிரியனுக்கு என்ன, பாட்டு இயற்றும் கவிஞனுக்கு என்ன, தண்ணுமைக்காரனுக்கும் குழலோனுக்கும் யாழாசிரியனுக்கும் என்ன என்று வரிசையாகச் சொல்கிறார். பிறகு அளவுகோலை எடுக்கிறார். இருபத்துநான்கு விரல் அளவுள்ள மூங்கில் கோல் அது. அதைக் கொண்டு அளப்பது எதை? அரங்கை: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடப்போகும் பெண்ணை அந்தக் கோல் தொடவேயில்லை. கற்பிப்பவர்கள் தகுதியானவர்களா, துணை நிற்பவர்கள் தேர்ந்தவர்களா, மேடை முறைப்படி அமைந்ததா என்று இத்தனையையும் உறுதிசெய்த பிறகே அந்தச் சிறுமி வலக்கால் எடுத்து வைக்கிறாள். தன் வாதத்துக்கு வலுசேர்க்க அன்னார் அழைத்துவந்த சாட்சி, அவரையே குறுக்கு விசாரணை செய்துவிட்டுப் போகிறது.

இவ்வளவு ஓட்டைகளோடு ஒருவர் ஏன் இப்படி வாதாட வேண்டும்? வினாத்தாள் அச்சிடுகிறவர்களுக்கும் மென்பொருள் விற்கிறவர்களுக்கும் இதில் லாபம் உண்டு என்பது ஊரறிந்தது. ஆனால் அன்னாரின் நோக்கம் காசு என்று நான் நினைக்கவில்லை. அது அதைவிடப் பரிதாபமானது. பள்ளியில் இசைக்கு நாற்காலி இல்லையே என்ற ஏக்கம், கணக்கு வாத்தியாருக்குப் பக்கத்தில் எப்படியாவது இடம்பிடித்துவிட வேண்டும் என்ற தவிப்பு. அதனால்தான் கட்டுரையின் முதல் பாதியில் இசை எண்ணில் அடங்காத அனுபவம் என்று உருகுகிறவர், இரண்டாம் பாதியில் அதை முப்பது கேள்விக்குள் அடக்கிக் காட்டுகிறார். ஓரிடத்தில் இசை தன்னளவிலேயே உயர்ந்தது என்கிறவர், இன்னோரிடத்தில் இசை படித்தால் கணக்கில் மதிப்பெண் கூடும் என்று சிபாரிசுக் கடிதம் நீட்டுகிறார். எஜமானின் பாஷையைப் பேசினால் எஜமான் மதிப்பார் என்பது வேலைக்காரனின் நம்பிக்கை. 2015 டிசம்பரில் வந்த அடுத்த சட்டம், ஆசிரியரை மதிப்பெண்ணால் அளக்கச் சொல்லும் மத்திய அரசின் நெருக்குதலை விலக்கியதோடு, முழுமையான கல்வியின் பாடப்பட்டியலில் இசையைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. எந்தத் தேர்வும் எழுதாமலே இசை அங்கே ஏறியது. அதை ஏட்டிலிருந்து வகுப்பறைக்கு இறக்குவதுதான் மிச்சமிருக்கும் வேலை.

அளக்கத்தான் வேண்டும் என்று அன்னாருக்குக் கை அரித்தால், அளக்க நிறைய இருக்கிறது. அமெரிக்க இசை ஆசிரியர்களின் தேசியச் சங்கம் 1994 முதலே, பிள்ளைகள் இசை கற்க ஒரு பள்ளி எவற்றைத் தர வேண்டும் என்று வரையறை வெளியிட்டு வருகிறது. அதை வினாத்தாளாக அச்சடிக்கலாம். பள்ளியில் தகுதிபெற்ற இசை ஆசிரியர் உண்டா, இல்லையா? வாரத்துக்கு எத்தனை நிமிடம்? தனி அறையா, அல்லது தள்ளுவண்டியில் வாத்தியங்களை வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக அலைகிறாரா? குழல் எத்தனை, பிள்ளைகள் எத்தனை? எல்லாவற்றுக்கும் சரியான ஒரே விடை உண்டு, கணினியே திருத்திவிடும், தரப்படுத்துவதில் சிக்கல் துளியுமில்லை. எழுத வேண்டியவர்கள் பள்ளி வாரிய உறுப்பினர்கள், மாவட்டக் கல்வி அதிகாரிகள், மாநிலச் சட்டமன்றத்தார். தவறினால் மானியம் பிடிக்கப்பட வேண்டியதும் அவர்களிடமிருந்து. இந்தத் தேர்வுக்கு மட்டும் யாரும் தேதி குறிப்பதில்லையே, ஏன்? அவர்கள் தேறிக் காட்டிய மறுநாள் பிள்ளைகளின் வினாத்தாளைப் பற்றிப் பேச வரட்டும் அன்னார். வரும்போது அந்த முப்பது கேள்விக்கும் முதலில் தாமே விடையெழுதி, ஒரு பாட்டும் பாடிக் காட்டட்டும். மதிப்பெண்ணை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் போடுவார்கள்.